சிட்னி 2008 தோல்வி: அம்பயர்கள் பறித்தது எவ்வளவு, நாமே விட்டது எவ்வளவு?

2008 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுடனான சிட்னி டெஸ்டை இந்தியா தோற்றதற்கு அம்பயர்கள் ஸ்டீவ் பக்னரும் மார்க் பென்சனும்தான் காரணம் என்று ஒரு கூட்டம் இன்றுவரை சொல்கிறது, அணித் தேர்விலேயே கோட்டை விட்டோம் என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது, இதில் எது சரி, பக்னருக்கு நம் மீது தனியாக ஏதாவது வன்மம் இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மேட்சைப் பற்றி இரண்டு வரியில் பேசியவர்கள்தான் இத்தனை வருடமாகக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்பயர்கள் செய்த தவறுகள் சாதாரணமானவை இல்லை. அவை நடக்காமல் இருந்திருந்தால் நாம் தோற்றிருக்க மாட்டோம் என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் அத்தனை தவறையும் தாங்கிக்கொண்டு அந்த டெஸ்டை டிரா செய்யக்கூடிய ஆட்கள் நம்மிடம் இருந்தார்கள், அவர்களில் இரண்டு பேர் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அது டாஸ் போடுவதற்கு முன்பே நடந்த தவறு, அதற்கு பக்னர் பொறுப்பில்லை.

சரி, முதலில் அம்பயர்களுக்கு வருவோம். முதல் நாள் ஆஸ்திரேலியா 134 ரன்னுக்கு 6 விக்கெட். ஆர்.பி.சிங் இரண்டு ஓப்பனர்களையும் சீக்கிரமே அனுப்பிவிட்டார், ஹர்பஜன் நடுவரிசையைப் பிடித்துவிட்டார், உலகத்தின் நம்பர் ஒன் அணி சொந்த மண்ணில் தடுமாறிக்கொண்டிருந்தது. அப்போது ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் 30 ரன்னில் இருக்கும்போது இஷாந்த் ஷர்மா பந்தில் எட்ஜ், தோனி கேட்ச். டிவியில் பார்த்தவர்களுக்கே சத்தம் கேட்டது. பக்னர் அசையவில்லை. சைமண்ட்ஸும் அசையவில்லை. அப்புறம் அவர் 162 நாட் அவுட். பிராட் ஹாக்கோடு ஏழாவது விக்கெட்டுக்கு 173, பிரெட் லீயோடு எட்டாவது விக்கெட்டுக்கு 114, மொத்தம் 463. அன்றைக்குச் சாயங்காலமே பத்திரிகையாளர்களிடம் 30-லேயே நான் அவுட்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஆஸ்திரேலியாவில் ஆடும் முதல் டெஸ்டில் உழைத்து எடுத்த விக்கெட் அது, அந்த இன்னிங்ஸில் அவன் கணக்கில் விக்கெட்டே இல்லை. எனக்கு இன்றும் வலிப்பது அதுதான்.

அதோடு முடியவில்லை. சைமண்ட்ஸுக்கு எதிரான ஒரு ஸ்டம்பிங் அப்பீலை மூன்றாவது அம்பயருக்கே அனுப்பாமல் விட்டார்கள். ஆஸ்திரேலிய கேப்டன் பாண்டிங் 17-ல் இருந்தபோது கங்குலி பந்தை லெக் பக்கம் மெல்லத் தட்டி தோனி கையில் கேட்ச் ஆனதை பென்சன் கொடுக்கவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் மைக் ஹஸ்ஸி நாற்பதுகளில் இருக்கும்போது ஆர்.பி.சிங் பந்தில் கீப்பர் கேட்ச், அதுவும் இல்லை, அவர் 145 வரை போனார். மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: இதே பாண்டிங் 55-ல் ஹர்பஜன் பந்தை மட்டையில் நன்றாக உரசிவிட்டுத்தான் எல்.பி.டபிள்யூ ஆகிப் போனார். அது நமக்குச் சாதகமாக வந்த தவறு. நம்மவர்கள் தவறுப் பட்டியல் போடும்போது இதைச் சேர்ப்பதே இல்லை. சேர்த்தாலும் தராசு ஆஸ்திரேலியா பக்கம்தான் சாய்கிறது, அதனால் மறைக்க வேண்டிய அவசியமே கிடையாது.

இங்கேதான் ரசிகர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள். 162-ல் 30 போனால் 132, நாம் தோற்றது 122 ரன்னில், ஆகவே பக்னர்தான் தோற்கடித்தார் என்று. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த மேட்ச் ரன்னில் தீர்மானமான மேட்சே இல்லை. நாம் பதிலுக்கு 532 அடித்தோம், சச்சின் 154 நாட் அவுட், லக்ஷ்மண் 109, ஹர்பஜன்கூட 63. 69 ரன் முன்னிலை வேறு. கடைசி நாள் பாண்டிங் 401-க்கு 7 என்று டிக்ளேர் செய்து 72 ஓவரில் 333 என்று வைத்தார். ஐந்தாம் நாள் சிட்னி பிட்சில் அந்த வேகத்தில் துரத்த யாரும் நினைக்கவில்லை. நமக்கு வேண்டியது 72 ஓவர் நிற்பது மட்டும்தான். நாம் நின்றது 70.5 ஓவர். அதாவது சுமார் ஒரு ஓவர் போதாமல் தோற்றோம். எனவே எந்தத் தவறு எத்தனை பந்தைத் தின்றது என்று பார்க்க வேண்டும், ரன்னை அல்ல.

அப்படிப் பார்த்தால் மிகப் பெரிய தவறு சைமண்ட்ஸ் விஷயம் இல்லை, திராவிட் விஷயம். 54-க்கு 3 என்று போன பிறகு திராவிடும் கங்குலியும் 115 வரை கொண்டுவந்துவிட்டார்கள். திராவிட் நூறு பந்துகளைத் தாண்டி 38 ரன்னில் இருந்தார், அவுட் ஆகும் மாதிரியே தெரியவில்லை. சைமண்ட்ஸ் வீசிய பந்து, மட்டையை பேடுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு காலால் தடுத்தார், பந்து பேடில் பட்டு கில்கிறிஸ்ட் கைக்குப் போனது. அப்பீல் செய்ததும் பக்னர் விரலைத் தூக்கிவிட்டார். அதே ஓவரில், அதே 115-ல் யுவராஜும் பூஜ்ஜியத்தில் போனார். திராவிட் மாதிரி ஒரு ஆள் அப்போது எத்தனை ஓவர் ஆடியிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் நமக்குப் போதாமல் போனது சுமார் ஒரு ஓவர்தான் என்பதை மறக்காதீர்கள்.

அடுத்தது கங்குலி. 51-ல் லீ பந்தில் எட்ஜ், ஸ்லிப்பில் மைக்கேல் கிளார்க் தாழ்வாகப் பிடித்தார். தரையில் பட்டதா இல்லையா என்று கங்குலி நின்றார். பென்சன் என்ன செய்தார் என்றால், மூன்றாவது அம்பயரிடமோ எதிரில் நின்ற பக்னரிடமோ கேட்கவில்லை, பாண்டிங்கைப் பார்த்தார். பாண்டிங் விரலைத் தூக்கிக் காட்டினார். பென்சனும் தூக்கினார். இதைப் பார்த்துத்தான் இந்தியாவில் பலருக்கு ரத்தம் கொதித்தது. ஃபீல்டிங் கேப்டன் விரல் தூக்கி ஒரு பேட்ஸ்மேன் போவதை நாம் எப்போது பார்த்தோம்?

ஆனால் பின்னணியைச் சொல்லாமல் விட்டால் அது பாண்டிங்குக்குச் செய்யும் அநியாயம். தொடர் தொடங்கும் முன் இரண்டு கேப்டன்களும் ஒரு ஒப்பந்தம் செய்திருந்தார்கள்: தாழ்வான கேட்ச் என்றால் பிடித்த ஃபீல்டரின் வார்த்தையை ஏற்றுக்கொள்வது என்று. நம் கேப்டன் கும்ப்ளேவும் ஒத்துக்கொண்டதுதான். நல்ல எண்ணத்தில் செய்தது, ஆனால் முதலிலிருந்தே ஓட்டை உள்ள ஏற்பாடு. எதிரணியின் நேர்மை மீது முழு நம்பிக்கை இருந்தால்தான் அது செல்லும், அந்த நம்பிக்கை சிட்னியில் முதல் நாளே போய்விட்டது. இதே கிளார்க் முந்தைய இன்னிங்ஸில் கும்ப்ளே பந்தில் ஸ்லிப்புக்குத் தெளிவாகக் கொடுத்துவிட்டு, அம்பயர் சொல்லட்டும் என்று நின்றார். தான் அவுட் என்று தெரிந்தும் நகராத ஒருவரின் வார்த்தையை கேட்சுக்கு மட்டும் எப்படி நம்புவது என்று இந்தியர்கள் நினைத்ததில் எந்தத் தவறும் இல்லை. பெர்த் டெஸ்டுக்கு முன் அந்த ஒப்பந்தத்தையே தூக்கிப் போட்டார்கள்.

மேட்ச் முடிந்து கும்ப்ளே பேசியது நினைவிருக்கும், இங்கே ஒரே ஒரு அணிதான் விளையாட்டின் உணர்வோடு ஆடியது என்ற பொருளில். 1933-ல் அடிலெய்டில், இங்கிலாந்து பேட்ஸ்மேன்களின் உடலைக் குறிவைத்துப் பந்து வீசிய பாடிலைன் தொடரின்போது ஆஸ்திரேலிய கேப்டன் வுட்ஃபுல் இங்கிலாந்து மேனேஜரிடம் சொன்னதாகப் பதிவான வாசகத்தின் எதிரொலி அது. ஆஸ்திரேலியர்களின் சொந்த வரலாற்றிலிருந்தே எடுத்து அவர்களிடமே கொடுத்தார். கத்தாமல், மேசையைத் தட்டாமல் சொன்னார். அந்த டூரில் ஒரு இந்திய கேப்டன் செய்த மிகச் சிறந்த காரியம் அது என்பது என் கருத்து.

ஹர்பஜன் - சைமண்ட்ஸ் சண்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஹர்பஜன் சைமண்ட்ஸை இனவெறியோடு திட்டினார் என்ற புகாரில் மேட்ச் ரெஃப்ரி மைக் புரோக்டர் ஹர்பஜனுக்கு மூன்று டெஸ்ட் தடை விதித்தார், டூரையே நிறுத்துவோம் என்ற அளவுக்கு நிலைமை போனது, கடைசியில் நியூஸிலாந்து நீதிபதி ஜான் ஹேன்சன் ஜனவரி 29 அன்று அடிலெய்டில் அப்பீலை விசாரித்து, இனவெறிக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று தடையை ரத்து செய்து, தகாத வார்த்தைக்காக மேட்ச் சம்பளத்தில் பாதியை அபராதமாக மாற்றினார். நடுவில் என்ன பேசினார்கள் என்பது அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும், அதில் நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்று நடந்தது: நாடே இதைப் பற்றிப் பேசியதில், நம் அணித் தேர்வை யாரும் கேள்வி கேட்காமலே போய்விட்டார்கள்.

இப்போது அதற்கு வருகிறேன், எனக்கு முக்கியமான பகுதி இதுதான்.

2007 டிசம்பர் 12-ல் பாகிஸ்தானோடு பெங்களூரு டெஸ்ட் முடிகிறது. டிசம்பர் 26-ல் மெல்பர்னில் முதல் டெஸ்ட். நடுவில் இரண்டே வாரம், அதில் ஒரே ஒரு பயிற்சி ஆட்டம், விக்டோரியாவோடு, அதிலும் மழை. ஆஸ்திரேலியா மாதிரி ஒரு இடத்துக்கு இப்படித்தான் அனுப்பினார்கள். அந்த பெங்களூரு டெஸ்டில் 61-க்கு 4 என்று இருந்தபோது கங்குலியும் யுவராஜும் சேர்ந்து 300 ரன் சேர்த்தார்கள். கங்குலி 239, யுவராஜ் 169. சச்சினும் லக்ஷ்மணும் அந்த மேட்சில் இல்லை. ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது இருவரும் திரும்பிவிட்டார்கள், 169 அடித்த யுவராஜை எப்படி வெளியே உட்கார வைப்பது? இதற்குக் கண்டுபிடித்த வழிதான் திராவிடை ஓப்பனிங் அனுப்புவது.

உலகின் மிகச் சிறந்த மூன்றாம் நம்பர் பேட்ஸ்மேன்களில் ஒருவரை, கேப்டன் பதவியை விட்டு மூன்று நான்கு மாதம்கூட ஆகாதவரை, ரன் வராமல் தவித்துக்கொண்டிருந்தவரை, புதுப் பந்தில் லீக்கும் மிட்சல் ஜான்சனுக்கும் முன்னால் நிறுத்தினோம். மெல்பர்னில் முதல் இன்னிங்ஸில் அவர் 66 பந்தில் 5 ரன். இரண்டாவது இன்னிங்ஸில் நூறு பந்துக்கு மேல் ஆடி 16. அவரைத் திட்டியவர்கள் அதிகம், அந்த இடத்தில் அவரை நிறுத்தியவர்களைத் திட்டியவர்கள் குறைவு. யார் இடத்தைக் காப்பாற்ற இத்தனையும் செய்தோமோ அந்த யுவராஜ் மெல்பர்னில் 0, 5, சிட்னியில் 12, 0. யுவராஜ் எனக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரர், ஒருநாள் போட்டியில் அவர் மாதிரி ஒருவர் கிடைப்பது அபூர்வம், ஆனால் அந்தத் தொடரில் அவருக்காக மற்ற எல்லாரின் இடமும் நகர்ந்தது. வாசிம் ஜாஃபரும் கொல்கத்தாவில் 202 அடித்துவிட்டு வந்தவர்தான், ஆஸ்திரேலியாவில் ஒரு இன்னிங்ஸில்கூட 20-ஐத் தொடவில்லை. லீ அவரைக் கட்டிப் போட்டுவிட்டார். இரண்டு பக்கமும் ஓப்பனிங் தள்ளாடும்போது லக்ஷ்மணும் சச்சினும் புதுப் பந்தோடுதான் உள்ளே வர வேண்டியிருந்தது. மெல்பர்னில் 196, 161, தோல்வி 337 ரன்னில். அங்கே அம்பயர்கள் மீது பழி போட எதுவுமே இல்லை.

இத்தனைக்கும் அணியோடு வந்த வீரேந்தர் சேவாக் வெளியே உட்கார்ந்திருந்தார். அவர் முதலில் அறிவித்த உத்தேசப் பட்டியலிலேயே இல்லை, கும்ப்ளே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வேண்டும் என்று கேட்டுக் கூட்டிவந்தவரை மெல்பர்னில் தோற்ற பிறகும் சிட்னியில் இறக்காதது எனக்கு இன்றுவரை புரியவில்லை. 2003-ல் இதே மெல்பர்னில் முதல் நாளே 195 அடித்தவர் அவர். இன்னொரு ஓப்பனரும் அணியில் இருந்தார், நம் தினேஷ் கார்த்திக். 2007-ல் இங்கிலாந்தில் நாம் டெஸ்ட் தொடரை ஜெயித்தபோது இந்தியாவில் அதிக ரன் எடுத்தது அவர்தான், 263. பாகிஸ்தானோடு உள்ளூரில் சரியாக ஆடவில்லை என்று ஓரம் கட்டினார்கள். சென்னைப் பையன் என்பதற்காகச் சொல்லவில்லை, ஸ்விங் ஆகும் பந்தை இங்கிலாந்தில் ஆடிக் காட்டிய ஒரு ஓப்பனர் கையில் இருக்கும்போது ஓப்பனரே இல்லாத ஒருவரை அங்கே அனுப்பியது சரியில்லை என்கிறேன். இருந்தாலும் இரண்டில் ஒருவர் என்றால் நான் சேவாக்கைத்தான் எடுத்திருப்பேன்.

அடுத்தது கடைசி வரிசை. சிட்னிக்கு முன் ஜாகீர் கானுக்குக் குதிகாலில் காயம், அவருக்குப் பதில் இஷாந்த் வந்தார். அது நல்ல முடிவு. ஆனால் பேட்டிங் தெரிந்த இர்ஃபான் பதான் அங்கேதான் இருந்தார். எட்டாவது இடத்தில் கும்ப்ளே, பிறகு ஹர்பஜன், ஆர்.பி.சிங், இஷாந்த் என்று இறங்கினோம். ஹர்பஜன் அடிப்பார், நிற்க மாட்டார். மற்ற இருவருக்கும் அடிக்கவும் வராது, நிற்கவும் வராது.

இதை மனதில் வைத்துக்கொண்டு கடைசி மணி நேரத்தைப் பாருங்கள். 137-க்கு 6 ஆன பிறகு தோனியும் கும்ப்ளேவும் 48 ரன் சேர்த்தார்கள், ரன்னை விட அவர்கள் தின்ற ஓவர்தான் முக்கியம். தோனி சைமண்ட்ஸ் பந்தை ஆடாமல் விட்டு எல்.பி.டபிள்யூ. இது அம்பயர் தவறு இல்லை, தோனியின் கணிப்புத் தவறு. 185-க்கு 7. ஹர்பஜனும் கும்ப்ளேவும் 210 வரை ஓட்டினார்கள். பக்கத்து வீட்டிலெல்லாம் டிவி சத்தம் நின்று, எல்லோரும் டிரா என்று முடிவு கட்டிய நேரம். பாண்டிங் பந்தை கிளார்க்கிடம் கொடுத்தார். அவருடைய இரண்டாவது ஓவரின் முதல் பந்தில் ஹர்பஜன் ஸ்லிப்பில் ஹஸ்ஸியிடம் கேட்ச். இரண்டாவது பந்தில் ஆர்.பி.சிங் எல்.பி.டபிள்யூ. ஐந்தாவது பந்தில் இஷாந்த், அதே ஹஸ்ஸி. ஐந்து பந்தில் மூன்று விக்கெட், 210 ஆல் அவுட். மறுமுனையில் கும்ப்ளே 45 நாட் அவுட், நூறு பந்துக்கு மேல் ஆடியவர், ஒன்றும் செய்ய முடியாமல் நின்றார். கிளார்க் முழுநேர பௌலர் இல்லை. அந்த மூன்று விக்கெட்டில் பக்னருக்கோ பென்சனுக்கோ எந்தப் பங்கும் இல்லை. பத்தாவது இடத்தில் பதான் இருந்திருந்தால், அல்லது அதற்கு முன்பே ஆறாம் நம்பரில் உண்மையான டெஸ்ட் பேட்ஸ்மேன் ஒருவர் பத்து ஓவர் நின்றிருந்தால், மேட்ச் அங்கே வந்திருக்காது.

இதெல்லாம் நடந்த பிறகு பேசும் பேச்சு என்று சிலர் சொல்லலாம். அதற்குத்தான் பெர்த் இருக்கிறது. பத்து நாள் கழித்து அதே அணி, அதே எதிரி, உலகிலேயே வேகமான பிட்சுகளில் ஒன்று. நடுவில் கான்பெராவில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் சேவாக் சதம் அடித்தார். பெர்த்தில் யுவராஜை எடுத்துவிட்டு சேவாக், ஹர்பஜனை எடுத்துவிட்டு பதான். திராவிட் தன் மூன்றாம் இடத்துக்குத் திரும்பினார், 93 அடித்தார். சேவாக் 29, 43, பெரிய ஸ்கோர் இல்லைதான், ஆனால் இரண்டு இன்னிங்ஸிலும் புதுப் பந்தின் பயம் போய்விட்டது. கூடவே ஆஃப் ஸ்பின் போட்டு கில்கிறிஸ்ட் உட்பட இரண்டு விக்கெட். பதான் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து ஐந்து விக்கெட், பேட்டிங்கில் 28, பிறகு நாள் முடியும் நேரத்தில் முக்கிய பேட்ஸ்மேனைக் காப்பாற்ற இரவுக் காவலாக முன்னால் அனுப்பப்பட்டு 46, ஆட்ட நாயகன் அவர்தான். லக்ஷ்மண் 79. இஷாந்த் பாண்டிங்கைப் படுத்திய அந்த நீண்ட ஸ்பெல், அதுவும் கும்ப்ளே அவரை நிறுத்த நினைத்தபோது இன்னும் ஒரு ஓவர் கொடுங்கள் என்று சேவாக் சொல்லி, அந்த ஓவரிலேயே திராவிட் கையில் கேட்ச். 72 ரன்னில் ஜெயித்தோம், 16 டெஸ்ட் தொடர்ச்சியாக வென்றிருந்த அணியின் ஓட்டம் அங்கே நின்றது. ஆஸ்திரேலியா அங்கே சுழல்பந்து வீச்சாளரை விட்டுவிட்டு ஷான் டெய்ட்டையும் சேர்த்து நான்கு வேகங்களோடு வந்தது, டெய்ட்டுக்கு ஒரு விக்கெட்கூட இல்லை. தேர்வில் அவர்கள் சறுக்கினார்கள், நாம் திருத்திக்கொண்டோம்.

பெர்த்திலும் அம்பயர் தவறுகள் நடந்தன என்பதைக் கவனியுங்கள். பக்னர் இல்லை, அவருக்குப் பதில் பில்லி பௌடன். 71-ல் இருந்த சச்சினுக்குக் கொடுத்த எல்.பி.டபிள்யூ ஸ்டம்புக்கு மேலே போகும் பந்து. சைமண்ட்ஸுக்கு இரண்டாவது இன்னிங்ஸில் கும்ப்ளே பந்தில் கொடுத்ததில் மட்டை பட்டிருந்தது. ஆளுக்கொன்று போனது, யாரும் இன்று அதைப் பேசுவதில்லை, ஏனென்றால் அணி அதைத் தாங்கும் அளவுக்குச் சரியாக இருந்தது. அடிலெய்டில் சேவாக் 63, 151, அந்த டெஸ்ட் டிரா. இரண்டே மாதத்தில் மார்ச் கடைசியில் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 319 அடித்தார். அந்த ஃபார்மில் வரவிருந்த ஒரு ஆளைத்தான் மெல்பர்னிலும் சிட்னியிலும் தண்ணீர் தூக்க வைத்திருந்தோம்.

பக்னருக்கு வன்மம் இருந்ததா என்ற கேள்வி. சச்சின் ரசிகர்களிடம் ஒரு பட்டியலே உண்டு: 2003-ல் பிரிஸ்பேனில் கில்லெஸ்பி பந்தில் மேலே போன பந்துக்கு எல்.பி.டபிள்யூ, 2005-ல் ஈடன் கார்டன்ஸில் ரசாக் பந்தில் மட்டையில் படாத கேட்ச். இரண்டும் தவறான தீர்ப்புகள்தான். ஆனால் 1999 அடிலெய்டில் சச்சினுக்குத் தோளில் பட்ட பந்துக்கு எல்.பி.டபிள்யூ கொடுத்தது டேரல் ஹார்ப்பர், பக்னர் இல்லை. நூறு டெஸ்டுகளுக்கு மேல் நின்ற, ஐந்து உலகக்கோப்பை இறுதிப் போட்டிகளில் நின்ற ஒருவர், அறுபது வயதைத் தாண்டிய பிறகும், சிட்னி மாதிரி சத்தமான மைதானத்தில் மெல்லிய எட்ஜைக் காதால் கேட்டுத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அந்த வயதில் அத்தகைய தொடருக்கு அனுப்பியது ஐசிசி. 2020-ல் ஒரு பேட்டியில் சிட்னியில் இரண்டு தவறு செய்தேன், இரண்டாவது இந்தியாவுக்கு மேட்சையே பறித்திருக்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார். வன்மம் இருந்த ஆள் அப்படிச் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன். அவர் வீட்டைத் தேடிப் போய்த் திட்டும் அளவுக்கு இன்னும் கோபம் வைத்திருப்பவர்கள் அதை விட்டுவிடலாம்.

அம்பயர் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்கும் ரிவ்யூ முறை இருந்திருந்தால் சைமண்ட்ஸ், ஹஸ்ஸி, திராவிட் மூன்றும் மாறியிருக்கும். அந்த முறை முதலில் சோதனைக்கு வந்ததே அதே 2008-ல், இந்தியா இலங்கைக்குப் போனபோது. அதில் நாம் கேட்ட ரிவ்யூக்களில் ஒன்றே ஒன்றுதான் தேறியது, இலங்கை பத்துக்கு மேல் எடுத்தது. பந்து போகும் வழியைக் கணிக்கும் தொழில்நுட்பம் நம்பகமில்லை என்று நம் வாரியம் பல வருடம் மறுத்துவிட்டு, 2016 இங்கிலாந்து தொடரில்தான் ஏற்றுக்கொண்டது. சிட்னியில் அத்தனை பேர் கண்ணெதிரே அநியாயம் நடந்த பிறகு, ரிவ்யூ வேண்டும் என்று முதலில் நின்றிருக்க வேண்டிய நாடு நாம்தான். அதைச் செய்யாதது பெரிய தவறு, எட்டு வருடம் அதற்கு விலை கொடுத்தோம்.

கடைசியாக, ஒப்பிட வேண்டும் என்றால் அதே மைதானத்தில் 2021 ஜனவரி 11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 407 இலக்கு, கடைசி நாள், ரிஷப் பந்த் 97-லும் புஜாரா 77-லும் போய்விட்டார்கள், 272-க்கு 5. தொடைத் தசை கிழிந்து ஓட முடியாத ஹனுமா விஹாரியும், முதுகு வலியால் குனிய முடியாத அஸ்வினும் நாற்பது ஓவருக்கு மேல் நின்றார்கள். விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. உள்ளே கட்டை விரல் முறிந்த ஜடேஜா பேடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழாவது இடத்தில் டெஸ்ட் சதங்கள் அடித்த ஒருவர் இருந்தால் கடைசி நாள் எப்படி இருக்கும் என்பதற்கு அதுதான் பதில். அடுத்து பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட் ஆடிய வாஷிங்டன் சுந்தரும் ஷர்துல் தாக்கூரும் ஏழாவது விக்கெட்டுக்கு 123 சேர்த்ததும் அந்த வகைத்தான். உங்கள் நண்பர்கள் வட்டத்தில் இந்த விவாதம் மறுபடி வந்தால், சைமண்ட்ஸ் 30-ல் ஆரம்பிக்காமல் சிட்னி 2008-ன் பதினோரு பேர் பெயரையும் பெர்த்தின் பதினோரு பேர் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுப் பேசுங்கள், பாதி சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.